தரகர்னு சொல்லிச் சிரிச்சவங்களுக்கு

ஞாயித்துக்கெழமை ஈரோட்டு இலக்கியக் கூட்டத்துல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு வீடியோவுல பாத்திருப்பீங்க. மூணு நாளா எழுதலாமா வேண்டாமான்னு கெடந்தேன். நேத்து ராத்திரி அந்த வீடியோவ எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புலயே யாரோ போட்டுட்டாங்க, சின்ன மாமியார் போன் பண்ணி "இது உன்னையத்தான் சொல்றாங்களா கண்ணு"ன்னு கேட்டாங்க. அதுக்கப்பறம் சும்மா இருக்க முடியல.

மேடையில பேசுனவரு சொன்னது இதுதான். மாட்டுக்குத் தரகர் புடிக்கற மாதிரி இப்ப நாவலுக்கும் ஏஜென்ட் புடிக்கறாங்களாம், இலக்கியம் சந்தைக்கு வந்துருச்சாம். மண்டபமே சிரிச்சுது. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, எந்நாவலுக்காகப் பதிப்பகத்துக்கிட்டப் பேச ஒரு ஏஜென்ட் தேடறேன்னு இங்க எழுதுனவ நான் ஒருத்திதான், அதுக்கு அவரு லைக்கும் போட்டிருந்தாரு.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. எழுதறவ பக்கம் உக்காந்து பேச ஒரு ஆளு வேணும். இதுல கேவலம் எங்க இருந்து வந்துச்சு?

நம்மூர்ல எதுக்குத்தான் நடுவுல ஆளு இல்ல? ஈரோட்டு மஞ்சளுக்கு மண்டி இருக்குது, கமிஷன் இருக்குது. நூலுக்குப் புரோக்கர், நெலத்துக்குப் புரோக்கர், பொண்ணு மாப்பிள்ளை பாக்கப் புரோக்கர். நான் 11 வருசமா திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன், எங்க கம்பெனிக்கு வர்ற ஆர்டர்ல பாதி, வாங்கறவங்களுக்காக நடுவுல நிக்கற பையிங் ஆபீஸ் வழியாத்தான் வருது. லேப் டிப்ல, அதாவது சாயம் போட்டுக் காட்டற மாதிரித் துணியில, கலரு ஒரு நூல் கம்மின்னாக்கூட அவங்களக் கேட்டுட்டுத்தான் அடுத்த வேலை. பனியனுக்கு ஏஜென்ட் இருந்தா அது தொழில், பொஸ்தகத்துக்கு இருந்தா மட்டும் பேராசையா? இது எந்த ஊரு நியாயம்?

மாட்டுத் தரகர்னு சொன்னாரு இல்லீங்களா, அதப்பத்தியே சொல்றேன். எனக்குப் பத்து வயசு இருக்கும், சித்திரையில கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கு அப்பாரு கூடப் போனேன். ஒரு காங்கேயம் கெடாரிய விக்கக் கொண்டு போயிருந்தாரு. அப்பாரு வாயத் தொறக்கவே இல்ல, கயித்தப் புடிச்சுக்கிட்டு ஓரமா நின்னாரு. தரகர்தான் மாட்டு வாயப் பொளந்து பல்லக் காட்டுனாரு, வாங்க வந்தவரு திமில்ல குத்தம் சொன்னப்ப தரகருக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, "இதுல குத்தம் சொன்னா இந்தத் தாவணியில ஒனக்கு மாடே கெடையாது"ன்னாரு. அப்பறம் துண்டுக்குள்ள கைய உட்டு வெரலப் புடிச்சு வெல பேசுனாங்க. துண்டு அசையறதத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு வர்ற வழியில, நீங்க ஏன் அப்பாரு பேசலைன்னு கேட்டேன். "நானே வளத்து நானே வெல சொன்னா, பாதி வெலையில அழுதுட்டு வந்துருவேன் சாமி"ன்னாரு.

அந்த அழுகைய நானும் அழுதாச்சுங்க. 6 வருசம், ஷிப்மெண்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, பையன் தூங்குனதுக்கப்பறம் எழுதுன 340 பக்கம். மொதல்ல ஒரு பதிப்பகத்துக்குப் போனேன், பேரு வேண்டாம். நல்லா இருக்குதுங்க, 52,000 ரூபா குடுங்க, 300 காப்பி போடலாம், அதுல 100 நீங்களே எடுத்துக்கோங்கன்னாங்க. அக்ரிமெண்ட் கேட்டேன். "நம்மளுக்குள்ள என்னங்க அக்ரிமெண்ட்"னு சிரிச்சாங்க. நான் கேட்டதே தப்புங்கற மாதிரி எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் 1957ம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்த எடுத்துப் படிச்சேன். உரிமைய மாத்திக் குடுக்கறதா இருந்தா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும். எத்தன வருசத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருசம்னு அர்த்தம், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டுந்தான். 19ம் பிரிவு. எத்தன பேருக்குங்க இது தெரியும்? எனக்கும் தெரியாமத்தான இருந்துச்சு. இதத் தெரிஞ்ச ஒரு ஆளு எம் பக்கம் உக்காரணும்னுதான் கேக்கறேன்.

சரின்னு தேட ஆரம்பிச்சேன். மொத மூணு அத்தியாயத்த ஒரு தோழி இங்கிலீசுல பண்ணிக் குடுத்தா, ஒரு பக்கத்துல கதைச்சுருக்கம், ஒரு பக்கத்துல கடுதாசி. 27 பேருக்கு மெயில் அனுப்பிச்சேன். 4 பதில் வந்துச்சு. ஒருத்தரு முழுசும் கேட்டுட்டு அஞ்சு மாசம் கழிச்சு, எழுத்தோட கொரல் புடிச்சிருக்குது, விக்கறது கஷ்டம்னு எழுதுனாரு. படிச்சுட்டு பாத்ரூம்ல போயி நின்னேன். ஆனா அவரு படிச்சிருந்தாரு, ஏழாவது அத்தியாயத்துல வர்ற செக்கிங் செக்‌ஷன் பொண்ணப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தாரு. இன்னொருத்தரு படிக்கறதுக்கே 18,000 கேட்டாரு. புதுசா எழுதறவங்க இத நல்லாக் கேட்டுக்கோங்க, முன்பணம் கேக்கறவன் ஏஜென்டே இல்ல. வெளிநாட்டு வழக்கத்துல உள்நாட்டுப் பதிப்புக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு, மொழிபெயர்ப்புக்கு 20 வரைக்கும், அதுவும் எழுத்தாளருக்குப் பணம் வந்ததுக்கப்பறந்தான்.

இப்ப கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும். பெருமாள்முருகனுக்கு எந்த ஏஜென்ட் இருந்தாருன்னு கேப்பீங்க. நம்ம திருச்செங்கோட்டுக்காரர், 2023ல அவரு நாவல் பூக்குழி சர்வதேச புக்கர் பரிசோட நெடும்பட்டியல் வரைக்கும் போச்சு, அதே வருசம் இன்னொரு நாவல் ஆளண்டாப்பட்சிக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கெடச்சுது, எனக்கும் பெருமைதான். ஆனா அனிருத்தன் வாசுதேவனும் ஜனனி கண்ணனும் இங்கிலீசுல மொழிபெயர்க்காம அது நடந்திருக்குமா? காலச்சுவடு மாதிரி ஒரு பதிப்பகம் நின்னுச்சு இல்லீங்களா? அந்த வேலைய யாரோ ஒருத்தர் செஞ்சுதான் ஆகணும், எனக்கு அது யாரும் இல்லைன்னுதான சொல்றேன்.

300 காப்பி விக்கற தமிழ்ல ஏஜென்ட் எதத் தின்னு பொழைப்பாருன்னு ஒரு கேள்வி. இது ஞாயமான கேள்வி, ஒத்துக்கறேன். 300 ரூபா பொஸ்தகம் 300 வித்தா 90,000. 10 சதவீத ராயல்டின்னா எனக்கு 9,000, அதுல 15 சதவீதம் 1,350 ரூபா. அதுக்கு ஆரும் வர மாட்டாங்க. அதனாலதான் மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா உரிமை எல்லாத்தையும் சேத்துப் பாக்கற ஆளு வேணுங்கறேன். 2023 ஜனவரியில சென்னையில பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சிய அரசாங்கமே நடத்துச்சு, உரிமை விக்க வாங்கத்தான் நடத்துச்சு, மொழிபெயர்ப்புக்கு நிதியும் குடுக்குது. அங்க போயி யாராச்சும் சிரிச்சீங்களா?

மொதல்ல நல்லா எழுதுங்க, மத்ததெல்லாம் தானா வரும்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஒரு பக்கங்கூடப் படிக்காம சொல்றீங்க.

1942லயே ஆர். சண்முகசுந்தரம் நம்ம பேச்ச அப்படியே நாகம்மாள் நாவல்ல எழுதிட்டாரு. அத்தன வருசம் கழிச்சும் "கொங்குப் பேச்சு வெளியில யாருக்குங்க புரியும், கொஞ்சம் பொதுவா மாத்திக்கலாமே"ன்னு எங்கிட்டயே சொல்றாங்க. அதையும் எனக்காக ஒருத்தரு மறுத்துப் பேசுனா நல்லா இருக்கும். நானே பேசிப் பேசி ஓஞ்சுட்டேன். வீட்டுல பேசணும், ஆபீஸ்ல பேசணும், இப்ப மண்டபத்துலயும் பேசணுமா? ஒரு ஆம்பள எழுத்தாளர் இதையே கேட்டிருந்தா அன்னைக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்குமா? தெரியல. வந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

மேடையில பேசுனவருமேல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல, அவரு எனக்குப் பழக்கமே இல்ல. எனக்கு முன்னாடி வரிசையில உக்காந்து கையத் தட்டிச் சிரிச்சீங்க பாருங்க அண்ணா, உங்களத்தான் சொல்றேன், பேரு போட மாட்டேன். ரெண்டாவது வரைவ உங்க கையிலதான் குடுத்தேன். வெளியில அனுப்பு, நல்ல ஏஜென்டாப் பாருன்னு எனக்கு மொதமொதல்ல சொன்னதே நீங்கதான். அன்னைக்கு அக்கா போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டே சொன்னீங்க. அந்தப் பிரதி இன்னும் உங்க வீட்டுலதான் இருக்குது, நாலாவது அத்தியாயத்துல பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கீங்க. எனக்கு அது வேணும். நேர்ல வர வேண்டாம், சனிக்கெழமை பையன அனுப்பறேன், அவங்கிட்டக் குடுத்துருங்க.