வால்வு ஆம்ப் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் பொட்டிய பாருங்க சாமிகளா

ஒரு வாரத்துல மூணு பேர் இன்பாக்ஸ்ல வந்துட்டாங்க, "ண்ணா, 300பி வால்வு ஆம்ப் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது, எடுக்கலாமா"ன்னு. (டிரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடிக் குழாய் வால்வு வெச்ச ஆம்ப்ளிஃபயர்தான் வால்வு ஆம்ப், 300பிங்கறது ஒரு வால்வு மாடல்.) மூணு பேர்கிட்டயும் நான் திருப்பி கேட்டது ஒண்ணுதான், வீட்ல என்ன ஸ்பீக்கர் இருக்கு? அது அப்புறம் பாத்துக்கலாம்ணா, மொதல்ல ஆம்ப்ப சொல்லுங்கன்னு மூணு பேருமே சொல்றாங்க. அந்த வயித்தெரிச்சல்ல டைப் பண்றேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நானும் இப்படித்தான் மாட்டினேன். பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட 300பி சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஒரு பக்க ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு 300பி), சேனலுக்கு 8 வாட், மடியில வெச்சுக்காத குறையா கார்ல கொண்டுவந்தேன். சேலம் அம்மாபேட்டை வீட்ல ஏற்கெனவே ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் இருந்துச்சு, ஆளுயரம், பளபளன்னு, பின்னாடி ஸ்டிக்கர்ல 89 டெசிபல் (எவ்ளோ சத்தம் வரும்ங்கற அளவு), 4 ஓம் (கரண்ட்டுக்கு எவ்ளோ தடைங்கற அளவு). 89 நல்ல நம்பர்தானேன்னு மாட்டிட்டேன். ஒத்தக் குரலும் வீணையும் போட்டா கண்ணுல தண்ணி வருது, சத்தியமா. இளையராஜா பாட்டுல வயலின் கூட்டமா ஏறி கீழ பேஸ் கிட்டாரும் ஓட ஆரம்பிச்ச உடனே மொத்தமும் கம்பளி போத்தின மாதிரி ஆயிருச்சு, பேஸ் சொதசொதன்னு கெடக்கு. கடைக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டா பெரிய ஆம்ப் போடுங்க சார்ங்கறார், அவர் சொன்ன விலைக்கு ஏற்காட்ல துண்டு நிலமே பாத்துரலாம்.

கண்ண தொறந்துவிட்டவர் செவ்வாய்ப்பேட்டையில அந்தக் காலத்துல மைக் செட் வெச்சிருந்த எங்க மாமா ஒருத்தர். அஞ்சு நிமிஷம் கேட்டாரு, ஆம்ப்ப தொடவே இல்ல, நேரா ஸ்பீக்கர் பின்னாடி போயி ஸ்டிக்கர பாத்தாரு. "மாப்ள, ஆம்ப்பு நல்லாத்தான் இருக்கு, பொட்டிதான் சோறு நெறைய கேக்குது." ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அவரு 40 வாட் வால்வு ஆம்ப் ஒண்ண வெச்சு நாலு கொழா ஸ்பீக்கர் கட்டினா தெருவே அதிருமாம். எப்படின்னா அந்தக் கொழா ஒரு வாட்டுக்கே 105 டெசிபலுக்கு மேல கத்தும். (இப்ப போலீஸ் புடிச்சிட்டுப் போற அதே கொழாதான்.) பழைய சினிமா கொட்டாயும் அதே கணக்குதான், திரைக்குப் பின்னாடி பெரிய ஹார்ன், ஆம்ப்ல சில பத்து வாட்தான், அதுலயே கடைசி பெஞ்சு வரைக்கும் வசனம் புரியும்.

இப்ப என்னோட 89க்கு வருவோம். அந்த நம்பர் 2.83 வோல்ட் குடுத்து 1 மீட்டர்ல அளந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட்னா சரியா 1 வாட், 4 ஓமுக்கு அதே வோல்ட் 2 வாட் ஆயிரும். அப்ப 1 வாட்டுக்கு என் டவர் நெஜமா குடுக்கறது 86தான், 3 டெசிபல் ஸ்டிக்கர்லயே போச்சு. வாட்ட டபுள் பண்ணினா 3 டெசிபல் ஏறும், 10 டெசிபல் ஏறணும்னா 10 மடங்கு வாட் வேணும். 96 டெசிபல் பொட்டியில 8 வாட் செய்யற வேலைய என் டவர்ல செய்ய 80 வாட் வேணும். 80 வாட் வால்வு ஆம்ப்போட வெயிட்டையும் விலையையும் விசாரிச்சு பாருங்க, ஆசையே விட்டுப்போகும். இதுல "வால்வு வாட் வேற, டிரான்சிஸ்டர் வாட் வேற"ன்னு ஒரு குரூப் சொல்லிட்டு திரியுது. வாட்னா வாட்தான்யா. வால்வு எல்லை தாண்டறப்ப டிரான்சிஸ்டர் மாதிரி கரகரன்னு அடிக்காம மெதுவா மழுங்கும், அதனால உடனே தெரியாது, அவ்ளோதான்.

டெசிபல் பாதிதான், மீதி ஓம். இதத்தான் யாரும் பாக்கறதில்ல. வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம் லோடு, அதாவது எதிர்ல நிக்கற தடை, வேணும், 300பிக்கு 3000 சொச்சம். ஸ்பீக்கர் 4, 8ன்னு இருக்கும். நடுவுல இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் கியர் பாக்ஸ். ஏற்காடு மலையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, எல்லாத்தையும் டாப் கியர்லயே ஏறுனா என்ன ஆகும், எஞ்சின் தெணறும்ல? 8 ஓம் டேப்ல (ஆம்ப் பின்னாடி அந்த ஓமுக்குன்னு இருக்கற முனை) மாட்டின ஸ்பீக்கர் ஏதோ ஒரு ஸ்வரத்துல 3 ஓமுக்கு எறங்குனா வால்வுக்கு அதே கதிதான், பவரும் கொறையும், டிஸ்டார்ஷனும் ஏறும். ஸ்டிக்கர்ல 8 ஓம்னு இருக்கறது சும்மா பேருக்கு ஒரு நம்பர், மினிமம் எவ்ளோன்னு கேளுங்க. ஆம்ப்ல 4, 8, 16 டேப் இருந்தா ஆஃப் பண்ணிட்டு மாத்தி மாத்தி போட்டுக் கேளுங்க, காசா பணமா. ஆனா ஸ்பீக்கர் ஒயர் இல்லாம மட்டும் ஓட்டிறாதீங்க, லோடு கழண்டு டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோனத மாமா திருவிழாவுக்கு நடுவுலயே பாத்திருக்காரு.

பேஸ் ஏன் சொதசொதன்னு ஆச்சுங்கறதும் இங்கதான் இருக்கு. என் ஆம்ப் மாதிரி ஃபீட்பேக் (வெளிய போறத திருப்பி உள்ள காட்டி தப்ப திருத்தறது) இல்லாத வால்வு ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்போட சொந்தத் தடை, 2 ஓம் வரைக்கும்கூட இருக்கும். ஸ்பீக்கர் ஒரு எடத்துல 4 ஓம், இன்னொரு எடத்துல 30 ஓம்னு ஏறி எறங்குனா, சத்தமும் கூடவே கிட்டத்தட்ட 3 டெசிபல் ஏறி எறங்கும். யாரோ டோன் கன்ட்ரோல திருகின மாதிரி. ஸ்பீக்கர்ல அதிர்ற கோனையும் அந்த ஆம்ப்பால புடிச்சு நிறுத்த முடியாது.

இதுக்காக டெசிபல் கம்மியா இருந்தாலே குப்பைன்னு முடிவு பண்ணிறாதீங்க. பிபிசிக்காரங்க 1970கள்ல வெளிப்புற ஒளிபரப்பு வேனுக்குன்னு செஞ்ச எல்.எஸ்.3/5ஏ குட்டிப் பொட்டி 83 டெசிபல்கூட தேறாது, ஆனா பழைய மாடல் 15 ஓம், வால்வுக்கு செல்லமான லோடு. பத்துக்குப் பத்து ரூம்ல பக்கத்துல ஒக்காந்து 20, 30 வாட் வால்வு ஆம்ப்ல கேட்டா போதும்டா சாமின்னு இருக்கும்.

சேலத்துக்காரங்களுக்கு ஒண்ணு, கிளாஸ் ஏ ஆம்ப் (300பி சிங்கிள் எண்டட் எல்லாம் இந்த ரகம்தான்) பாட்டு ஓடுனாலும் ஓடாட்டியும் கரண்ட்ட குடிச்சு சூட்ட கக்கிட்டேதான் இருக்கும். அக்னி நட்சத்திரத்துல ஹால்ல அது எரிஞ்சா வீட்டம்மா உங்கள எரிப்பாங்க. ஏற்காட்ல டிசம்பர் பனியில அதே சூடு சொகம், கைய காட்டி குளிர் காயலாம், ஆனா வோல்டேஜ் தள்ளாடற எடமா இருந்தா நல்ல ஸ்டெபிலைசர் போட்டுக்கங்க.

நான் கடைசியா ஆம்ப்ப விக்கல. பி.ஏ. கடையில (மைக் செட் சாமான் விக்கற கடை) 12 இன்ச் பேப்பர் கோன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 97 டெசிபல், 8 ஓம், கூட மேல் ஸ்வரத்துக்கு ஒரு சின்ன ஹார்ன் ட்வீட்டர், ஆசாரி ஒருத்தர வெச்சு 19 எம்எம் பிளைவுட்ல பொட்டி அடிச்சேன். ஹாஃப்மன்னு ஒரு ஸ்பீக்கர் எஞ்சினியர் எப்பவோ சொல்லிவெச்ச கணக்கு இருக்கு, சின்னப் பொட்டி, ஆழமான பேஸ், கூடுதல் டெசிபல், மூணுல ரெண்டுதான் கெடைக்கும்னு. எனக்கு கெடச்ச பொட்டி பீரோ சைஸ். அப்படியும் அடி ஆழ பேஸ் வரல, தவில் உருட்டு நல்லா வருது, சப் ஊபர் அதிர்வ எதிர்பாத்தா வராது, எனக்கு பரவால்ல. அதே 8 வாட், இப்ப வால்யூம் குமிழ் கடிகாரத்துல ஒம்போது மணி இருக்கற எடத்த தாண்டறதில்ல. மாமா வந்து கேட்டுட்டு, "பக்கத்து வீட்ல ஒண்ணும் சொல்லலையா"ன்னாரு.

அந்த டவர் ஜோடி ஹால் மூலையில சும்மாதான் நிக்குது, வீட்ல அதுமேல துணி காயப்போடறாங்க. அது ஒண்ணும் மோசமான ஸ்பீக்கர் இல்ல, 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ல போட்டா பிச்சு ஒதறும். அப்படி ஆம்ப் வெச்சிருக்கற சேலத்துக்காரங்க இன்பாக்ஸ் வாங்க, விலை பேசிக்கலாம். 300பி கேட்ட அந்த மூணு பேருக்கு தர மாட்டேன்.