தீத்தடுப்புக் கதவைச் சோதிப்பது யார் வேலை?

தீத்தடுப்புக் கதவுகளைச் சோதிப்பது முழுக்க ஒப்பந்ததாரர் பொறுப்பு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. கதவை ஒருவர் சப்ளை செய்கிறார், தச்சர் பொருத்துகிறார், பெயின்டர் வருகிறார், அப்புறம் கார்டு ரீடருக்காக எலெக்ட்ரீஷியன் கதவுச் சட்டத்தில் துளை போடுகிறார். அவரவர் வேலை ஒழுங்காக முடிந்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு கட்டடத்தில், கீல் பக்க விளிம்பில் இருந்த சான்றுத் தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள். பிளேடால் சுரண்டிய பிறகுதான் அது 90 நிமிடம் தீயைத் தாங்கும் கதவு என்று தெரிந்தது. அதே கதவு தானாகச் சாத்திக்கொண்டது, ஆனால் தாழ் விழவில்லை. கையால் அழுத்தி இழுத்தால்தான் விழுந்தது. தீப்பிடித்து ஓடும்போது யார் நின்று இழுப்பார்கள்?

தீத்தடுப்புக் கதவுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 80-இன்படி பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. ஆண்டுச் சோதனை உரிமையாளர் பொறுப்பு, சரி. முதல் சோதனையைச் செய்வது யார், அதற்குப் பணம் தருவது யார் என்பதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஒப்படைப்பு நாளில் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். பொருத்தியவரே சோதித்துக் கையெழுத்துப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டரா, 6 மில்லிமீட்டரா என்று அளந்து பார்க்க வெளியாள்தான் வேண்டும். அதுவும் தரை ஓடு பதித்த பிறகு வரட்டும். கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி 19 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.