வீட்டில்தானே இருக்கிறீர்கள்

என் மேலாளர் அனுப்பிய செய்தியை நேற்று இங்கே போட்டிருந்தேன், நீங்களும் பார்த்துக் கருத்துச் சொன்னீர்கள்; அதன் படத்தை மறுபடியும் போடப்போவதில்லை. "வீட்டில்தானே இருக்கிறீர்கள், இன்னும் மூன்று நிறுவனங்களையும் பார்த்துக்கொள்ளலாமே" என்ற அந்த வரி இரவு பத்தே முக்காலுக்கு வந்தது, கூடவே ஒரு சிரித்த முகப் படமும். சிங்கப்பூரில் வாடிக்கையாளர் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை; ஏற்கெனவே 11 நிறுவனங்களின் கணக்கு என் தலையில் இருக்கிறது. விலகிப்போன சக ஊழியரின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, அவருடைய வேலை மட்டும் மறுநாளே என்னிடம் வந்து சேர்ந்தது.

ஆம், வீட்டில்தான் இருக்கிறேன். வேலையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. ஆறு மணியானால் அது கிளம்பிப் போவதில்லை.

எல்லாவற்றையும் மென்பொருள் செய்துவிடுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். செய்யும், சரியான விவரத்தை யாராவது உள்ளிட்டால். ஒருவர் 55 வயதைக் கடந்தால் மறுமாதத்திலிருந்து அவருடைய மத்திய சேம நிதி வீதம், அதாவது ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் கட்டாயச் சேமிப்பின் வீதம், மாற வேண்டும். அவருடைய பிறந்த தேதியே தவறு என்று வாடிக்கையாளர் 13ஆம் தேதி மாலை சாவகாசமாகத் தெரிவிப்பார். மறுநாள்தான் கெடு; அதற்குள் நிதிப் பணம் கட்டப்படாவிட்டால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. அந்த வட்டிக்கு யார் பெயர் அடிபடும் என்று மென்பொருளைத்தான் கேட்க வேண்டும்.

பயண நேரம் மிச்சமாகிறதே என்பவர்களுக்கு: உண்மை, ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ்வரை ரயிலில் நின்றுகொண்டே போகும் தொல்லை இல்லை. ஆனால் அந்த ரயிலில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. வேறு வேலை தேடுங்கள் என்று அறிவுரை சொன்ன பெரியவர்களுக்கு என் வணக்கம்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது, மாதத்தின் கடைசி நாள். விடுமுறைக்கு முன்பே சம்பளக் கோப்புகளை வங்கிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதால், அம்மா முறுக்குப் பிழிந்த மேசையின் மறுமுனையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக் காலையில், தலையில் வைத்த எண்ணெயைக் குளித்துப் போக்குவதற்குள், ஓர் ஊழியரின் மிகைநேரம் விடுபட்டுவிட்டதென்று அழைப்பு வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர் உழைத்த காசு. எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து, மணிக்கு ஒன்றரை மடங்கு வீதம் சரியாகக் கணக்கிட்டேன். அலுவலக ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் வேலை நியமனச் சட்டத்தின் மிகைநேர விதி பொருந்தாது, எனக்கும் பொருந்தாது. ஊரார் மிகைநேரத்தை என்னுடைய மிகைநேரத்தில் கணக்கிடுகிறேன், என்னுடையதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

தாதியர் படும் பாட்டைப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். பார்த்தேன். அவர்களுடைய களைப்பைக் காட்டி என் களைப்பை ஏன் தள்ளுபடி செய்கிறீர்கள்? அம்மாகூட, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்" என்று சொல்வதுண்டு. மேலாளர் சொன்னதைவிட அதுதான் வலித்தது. அதை எழுதியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

அந்தச் செய்திக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. ஆனால் மூன்று நிறுவனங்களின் கோப்புகளும் இன்று காலை ஏழு மணிக்கே வந்துவிட்டன. ஒன்றில் 46 பேரின் வருகைப் பதிவு, கையால் எழுதி, கைப்பேசியில் சாய்வாகப் படம்பிடித்தது.