மாணவர்கள் இரும்பைக் கெடுக்கட்டும்

டிப்ளமோ மெக்கானிக்கல் பட்டறை வகுப்பைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான். மாணவன் தன் கையால் ஒரு துண்டு இரும்பைக் கெடுக்க வேண்டும். எங்கே கெட்டது என்று தானே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இடம் தராத வகுப்பைப் பட்டறை வகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தர்மபுரி பக்கம் பாலிடெக்னிக் பட்டறையில்தான் பாடம் எடுக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

பல இடங்களில் என்ன நடக்கிறது? ஒரு லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஆசிரியர் செய்து காட்டுவார். முன்னால் நிற்கும் இரண்டு பேர் கைப்பிடியைத் தொடுவார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் லேத் படம் வரைவார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது போன வருட சீனியர் செய்த ஜாப், அதாவது செய்து முடித்த துண்டு, அலமாரியிலிருந்து கைமாறும். மார்க் வந்துவிடும். ஆனால் ஓசூரில் வேலைக்குப் போய் நிற்கும் அன்று சூப்பர்வைசர் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றைக் கொடுத்து, "இத அளந்து சொல்லுப்பா" என்பார். ரெக்கார்டு நோட்டு அங்கே உதவாது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கை வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். தக்காளித் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயைத் தானே இழுத்துப் பொருத்துகிறவன், நின்றுபோன மோட்டாரை அப்பாவோடு சேர்ந்து கழற்றி மாட்டுகிறவன். வேலை அவனுக்குப் புதிதல்ல. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வேலை செய்வதுதான் புதிது. அதைப் பழக்கிவிடத்தான் நாங்கள் இருக்கிறோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 25 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) ராடைக் கடைந்து 24 ஆக்க வேண்டும். மாணவன் வெட்டும் டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுகிறான். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 23. ராடு சுற்றுகிறது, டூல் எல்லாப் பக்கமும் சீவுகிறது, அதனால் அரை மில்லி தள்ளினாலே விட்டத்தில் ஒரு மில்லி போய்விடும். இதை நான் போர்டில் எத்தனை முறை எழுதினாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். 23 என்று தன் கண்ணால் பார்த்தவன் மறப்பதில்லை. அடுத்த முறை தள்ளுவதற்கு முன் அவன் கை ஒரு நொடி நிற்கும். பேக்லாஷும் இப்படித்தான். அளவு தாண்டிவிட்டதே என்று கைப்பிடியைக் கொஞ்சம் பின்னால் திருப்புவான். டயலில் எண் மாறும், ஆனால் திருகில் இருக்கும் ஆட்டத்தால் டூல் நகர்ந்திருக்காது. நன்றாகப் பின்னால் எடுத்து, திரும்ப முன்னால் வந்துதான் அளவு வைக்க வேண்டும். இது கை உணர்ந்தால்தான் ஏறும்.

"இப்படி ஆளாளுக்குக் கெடுத்தால் மெட்டீரியலுக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 23 ஆகிவிட்டதா, சரி, அதையே 22-க்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவும் தவறினால் 20. அதிலேயே ஒரு படி, ஒரு டேப்பர் (சரிவு), ஒரு மரை. ஒரே துண்டு பல வகுப்புகளுக்கு வரும். குப்பைக்குப் போவதற்குள் அந்தத் துண்டு ஒருவனை அளக்கப் பழக்கியிருக்கும்.

அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவரும் ஃபிட்டிங் வேலையை யாரும் மதிப்பதில்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் வந்த காலத்தில் அரம் எதற்கு என்கிறார்கள். 6 மி.மீ. தகட்டின் விளிம்பை ராவி, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவனுக்கு நடுவில் மேடு நிற்கும், இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். அரம் முன்னால் போகப் போக அழுத்தம் முன்னால் பிடித்த கையிலிருந்து பின்னால் பிடித்த கைக்கு மாற வேண்டும், அவன் மாற்றியிருக்க மாட்டான். ஓரத்தில் ஒளி கசிவது தெரிந்ததும் தானாகக் கையை மாற்றுவான். சமதளம், செங்கோணம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவனுக்குள் இறங்கும்.

சி.என்.சி.யும் வேண்டும், சிமுலேட்டரும் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் திரையில் டூல் அதிர்ந்து கத்தாது. டூல் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன சத்தம் வரும், முனை மைய உயரத்தில் இல்லாவிட்டால் ராடின் முகப்பைச் சீவும் ஃபேசிங் முடிவில் நடுவே ஏன் ஒரு சின்னக் குமிழ் நிற்கிறது என்பதெல்லாம் சாதாரண லேத்தில் நின்றவனுக்குத் தெரியும். அவன் சி.என்.சி. முன்னால் நின்றாலும் காது வேலை செய்யும்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. தொங்கும் சட்டைக்கை கூடாது, ஓடும் லேத்தில் கையுறை கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ராடைப் பிடித்திருக்கும் சக்கை இறுக்கும் சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு நகரக் கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் அன்றைக்கு மெஷின் கிடையாது. ஆனால் ஆபத்து என்று சொல்லித் தள்ளியே நிறுத்தினால், அதே பையன் அடுத்த வருடம் கம்பெனியில், யாரும் பக்கத்தில் இல்லாமல், முதல் முறையாக சக் சாவியைப் பிடிப்பான். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நடப்பது அநியாயம். "நீங்க ரெக்கார்டு எழுதுங்கம்மா, பசங்க மெஷின்ல நிக்கட்டும்" என்று பாசமாகச் சொல்லியே ஒதுக்கிவிடுகிறார்கள். ஓசூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் டிப்ளமோ முடித்த பெண் ஒருத்தி லைனில் நிற்பதோடு நிற்காமல் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமுக்கும் போக வேண்டும் என்றால், அவள் இங்கே லேத்தில் நின்றிருக்க வேண்டும். ஓவர்கோட் போட்டு, பின்னலைத் தொப்பிக்குள் செருகினால் போதும். என் வகுப்பில் அளவு பார்ப்பதில் பொறுமை அவர்களுக்குத்தான் அதிகம்.

மார்க் போடும் முறையும் மாற வேண்டும் என்பேன். முடிந்த ஜாபுக்கு மட்டும் மார்க் போடாமல், எங்கே தவறியது, ஏன் தவறியது, எப்படிச் சரிசெய்தாய் என்று மாணவன் தன் ஜாபைக் கையில் வைத்துச் சொல்வதற்கும் மார்க் வேண்டும். அப்படி வந்தால் சீனியரின் ஜாபை வாங்கி வருகிறவன் ஒரு வார்த்தை பேச முடியாது.

1980களில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் ஓசூரில் காலூன்றிய பிறகு அதைச் சுற்றிச் ஆர்டர் வாங்கிப் பாகம் செய்துகொடுக்கும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய வந்தன. அவற்றில் சில இன்று எங்கள் பழைய மாணவர்களுடையவை. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ராடு அறுத்த முனைத் துண்டுகளை எடைக்குப் போடுகிறீர்கள். 25 மி.மீ. விட்டம், 75 மி.மீ. நீளம் இருந்தாலே எங்களுக்குப் போதும். மாதம் ஒரு சாக்கு எடுத்து வைத்து, நீங்கள் படித்த பாலிடெக்னிக்குப் போன் பண்ணுங்கள். எங்களுக்குத் தருவதானால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.