வரி விலக்கு என்பது இறக்குமதி அனுமதி அல்ல

“2025 பட்ஜெட்டுக்குப் பிறகு வெளிநாட்டுப் பழைய பேட்டரிகளை யார் வேண்டுமானாலும் ஓசூருக்கு வரவழைக்கலாம்” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. லித்தியம்-அயன் பேட்டரிக் கழிவு, ஈயக் கழிவு போன்றவற்றுக்கான அடிப்படைச் சுங்க வரியைத்தான் அந்த பட்ஜெட் நீக்கியது; அனுமதி நடைமுறையை அது தொடவேயில்லை. அபாயகரக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள், கொட்டி அழிப்பதற்காகக் கழிவை இறக்குமதி செய்வதை அறவே தடை செய்கின்றன. மறுசுழற்சிக்கு என்றாலும், ஈய-அமில பேட்டரிக் கழிவைக் கொண்டுவர வேண்டுமானால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்று அதைத் தானே பயன்படுத்தும் ஆலை, படிவம் 5இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு விண்ணப்பித்து முன் அனுமதி பெற்றாக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை அருகே கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஜி.எஸ்.டி. எண்ணும் வைத்திருக்கும் வியாபாரி, ‘தானே பயன்படுத்தும் ஆலை’ என்ற அந்த வரையறைக்குள் வரமாட்டார்.