காசு கட்டினவனுக்குத்தான் பூட்டு

முழு காசும் குடுத்து வாங்குன மின்புத்தகம் வேற கம்பெனி ரீடர்ல திறக்காது, ஃபைல காப்பி பண்ணாலும் அதுல போட்டிருக்கிற டிஜிட்டல் பூட்டு (DRM) கூடவே வருது, கண்டிஷன்ஸ்ல போய்ப் பாத்தா புக்கு நமக்குச் சொந்தமில்லையாம், குடுத்தது படிக்கிறதுக்கான வெறும் உரிமம் மட்டும்தானாம், இதுல என்னங்க நியாயம்? 2019ல மைக்ரோசாஃப்ட் அதோட மின்புத்தகக் கடைய மூடினப்ப வாங்கினவங்க புக்கெல்லாம் திறக்காமயே போச்சு. காசு திருப்பிக் குடுத்தாங்க, சரி, ஆனா பாதி படிச்சிட்டிருந்த புக்கு போனது போனதுதானே!

இத்தனைக்கும் ஆப்பிளோட ஐடியூன்ஸ் கடைல பாட்டுக்கு இந்தப் பூட்ட 2009லயே எடுத்துட்டாங்க, அதனால பாட்டு விக்கிறது ஒண்ணும் நின்னுடல. திருட்டு காப்பி போடுறவன் எப்படியும் உடைச்சுட்டுப் போயிடுறான், மாட்டிக்கிட்டு முழிக்கிறது ஒழுங்கா காசு கட்டினவங்கதான். புது போன் மாத்தினா டிவைஸ் லிமிட் முடிஞ்சுதுன்னு வேற வருது, அவ்ளோ எரிச்சல். புக்கு, படம் எல்லாத்தையும் பூட்டில்லாத ஃபைலா குடுங்கய்யா, காசு கட்டத்தானே நிக்கிறோம்.