அது பசும்பாசி இல்லைங்க
உங்கள் பதிவில், நுண்ணோக்கியில் தெரியும் அந்த முள் உருண்டைப் புதைபடிவத்தின் படத்தைத் 'தொல்லுயிர்ப் பசும்பாசி' என்று போட்டிருக்கிறீர்கள். அது 1830களின் கருத்து. ஃபிளின்ட் (தீக்கல்) கல்லில் இதைக் கண்ட ஜெர்மன் ஆய்வாளர் ஏரன்பெர்க், சாந்திடியம் என்ற பசும்பாசிப் பேரினத்தில் சேர்த்தார். உண்மையில் இது ஸ்பினிஃபெரைட்டஸ் ராமோசஸ், டைனோஃபிளாஜெல்லேட் என்ற, நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியின் உறக்கநிலைக் கூடு.

முட்களை உற்றுப் பாருங்கள், கண்டபடி முளைக்கவில்லை. அந்த உயிரியின் கவசத் தகடுகள் சந்திக்கும் மூலைகளுக்கு நேராக நிற்கின்றன. நுனி பெரும்பாலும் மூன்றாகப் பிரியும். முதுகுப்பக்கம் ஒரே ஒரு தகட்டின் அளவுக்குக் கழன்ற ஓட்டை இருக்கும். உள்ளிருந்த உயிரணு வெளியேறிய வாசல் அது. இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத்தான் 1961இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் வில்லியம் எவிட் இவற்றை டைனோஃபிளாஜெல்லேட் என்று நிறுவினார். இன்றும் வாழும் கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்ற டைனோஃபிளாஜெல்லேட் இதே சாயலில் கூடு கட்டுகிறது.

அதற்காக 'முள் இருந்தாலே டைனோ' என்றும் எழுதிவிடாதீர்கள்! எந்த உயிரியுடையது என்று பிடிபடாத நுண்புதைபடிவங்கள் 'அக்ரிடார்க்' என்ற பொதுக் கணக்கில்தான் போகும்.